தவளைக்கண் ஸ்பிரைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் காரின் முதல் மாடலை இங்கிலாந்தில் 'ஃபிராக்ஐ' என்பார்கள், அமெரிக்காவில் 'பக்ஐ'. தமிழில் தவளைக்கண் என்று சொன்னால் சரியாகப் பொருந்துகிறது. 1958 முதல் 1961 வரை மொத்தம் 48,987 வண்டிகள் வந்தன. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது ஆஸ்டின் காரா, ஹீலி காரா, எம்.ஜி.யா?

மூன்று பேருக்கும் பங்கு உண்டு. டொனால்ட் ஹீலி 1898-ல் கார்ன்வாலில் உள்ள பெரான்போர்த்தில் பிறந்தவர். 1931 மான்டே கார்லோ ராலியை இன்விக்டா காரில் வென்றவர். பிற்பாடு வார்விக்கில் சின்னதாக ஒரு கம்பெனி வைத்து ஸ்போர்ட்ஸ் கார் செய்தார். 1952 லண்டன் கார் கண்காட்சியில் அவருடைய ஹீலி 100 காரைப் பார்த்த ஆஸ்டின் தலைவர் லெனர்ட் லார்ட், அதை ஆஸ்டின்-ஹீலி என்ற பெயரில் தாங்களே தயாரிப்பதாக ஒப்பந்தம் பேசி முடித்தார். ஆஸ்டினும் மோரிஸும் ஒன்றாகி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) உருவானதும் அதே ஆண்டில்தான்.

சில ஆண்டுகள் கழித்து ஹீலிக்கும் லார்டுக்கும் ஒரே எண்ணம் வந்தது. ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் பெரிதாகி, விலையும் ஏறிவிட்டது. சாதாரண சம்பளம் வாங்குகிற இளைஞன் வாங்க எதுவுமில்லை. சைக்கிள் கொட்டகையில் நிறுத்துகிற அளவுக்கு ஒரு வண்டி வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள் எனச் சொல்வார்கள். வடிவம் வரைந்தது கெரி கோக்கர், பாடியின் கட்டமைப்பை வகுத்தது பாரி பில்பி, கூடவே நின்று வேலை வாங்கியது ஹீலியின் மகன் ஜெஃப்ரி. தயாரிப்பு ஆபிங்டன் ஊரில், அதே பி.எம்.சி.யின் இன்னொரு பிராண்டான எம்.ஜி.யின் தொழிற்சாலையில். ஆக, ஹீலி வரைந்து, ஆஸ்டின் எஞ்சின் வைத்து, எம்.ஜி.காரர்கள் பூட்டிய வண்டி.

1958 மே 20 அன்று மான்டே கார்லோவில் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். மொனாக்கோ கிராண்ட் பிரீ முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வரியோடு சேர்த்து விலை 669 பவுண்டு.

கண் ஏன் அப்படி முழித்துக்கொண்டு நிற்கிறது?

காசு மிச்சம் பிடித்ததால். கோக்கர் வரைந்த வடிவத்தில் ஹெட்லைட்டுகள் பகலில் பானெட்டின் மேல் வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்திருக்கும். வேண்டும்போது நிமிர்ந்து முன்னால் பார்க்கும். அதற்குக் கம்பி, கீல், நெம்புகோல் எல்லாம் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் அந்த இயக்கத்தைத் தூக்கிவிட்டு, நிமிர்ந்த நிலையிலேயே லைட்டை நிறுத்திவிட்டார்கள். கீழே சிரிக்கிற வாய் போல கிரில், மேலே இரண்டு முட்டைக்கண். அழகுக்காக யாரும் திட்டமிடாத ஒரு முகம் இவ்வளவு பேரைக் கவர்ந்திருக்கிறது. அந்த மடங்குகிற லைட்டோடு வந்திருந்தால் வண்டி இன்னும் நேர்த்தியாக இருந்திருக்கும், ஆனால் தெருவில் போகிற குழந்தை கை காட்டியிருக்காது.

நிஜமாகவே எவ்வளவு சின்னது?

நீளம் 3.48 மீட்டர். மாருதி 800-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட ஒரு சாண் கூட அதிகமில்லை. எடை ஏறக்குறைய 660 கிலோ, அதுவும் கிட்டத்தட்ட மாருதி அளவுதான். உயரம் மட்டும் இடுப்புக்குச் சற்று மேலே. உட்கார்ந்துகொண்டே கையைத் தொங்கவிட்டால் விரலில் தரை இடிக்குமோ என்று தோன்றும்.

வேகம்?

எஞ்சின் 948 சிசி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், 43 குதிரைத்திறன். 1958-ல் 'தி மோட்டார்' பத்திரிகை சோதித்தபோது அதிகபட்சம் மணிக்கு 82.9 மைல், அதாவது சுமார் 133 கி.மீ. நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகம் பிடிக்க 20.5 விநாடி. இன்றைக்கு எந்தச் சின்னக் காரும் இதை முந்திவிடும். ஆனால் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப இரண்டே கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். மணிக்கட்டை அசைத்தால் வண்டி திரும்பிவிடும். வளைவுகள் நிறைந்த கிராமத்துச் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போதே பறக்கிற உணர்வு வருகிறது என்றால் அதற்கு இதுதான் காரணம்.

டிக்கி மூடி இல்லை, கதவுக்குக் கைப்பிடி இல்லை என்கிறார்களே?

உண்மைதான். டிக்கி இருக்கிறது, திறக்க வழி வெளியில் இல்லை. சீட்டின் முதுகை முன்னால் சாய்த்து, அந்த இடுக்கில் தலையை நுழைத்துத்தான் சாமான் வைக்க வேண்டும். ஸ்டெப்னி அந்தக் குகையின் தரையில் படுத்திருக்கும். மழையில் பங்சர் ஆனால் பாதி உடம்பு உள்ளே, கால் வெளியே என்று கிடந்து எடுக்க வேண்டியதுதான்.

கதவுக்கு வெளிக் கைப்பிடி கிடையாது, பூட்டும் கிடையாது. கண்ணாடி ஏற்றி இறக்குகிற ஏற்பாடும் இல்லை. கழற்றி மாட்டுகிற தடுப்புத்திரைதான். அதன் வழியே கையை உள்ளே விட்டுத் திறக்க வேண்டும். முன் பம்பர், ஹீட்டர், எஞ்சின் சுற்று காட்டும் மீட்டர் எல்லாமே கூடுதல் காசு.

நான் முதல்முறை இதில் ஏறி உட்கார்ந்தபோது கவனித்தது கதவைத்தான். உள்பக்கம் மூடாமல் வெறும் கூடாக விட்டிருந்தார்கள். கண்ணாடி இறங்க இடம் தேவையில்லை அல்லவா? அந்தக் குழியில் முழங்கையை வைத்தால் கச்சிதமாக உட்கார்ந்தது. வரைபடப் புத்தகம், தெர்மாஸ், ஒரு சுருட்டிய மேல்சட்டை எல்லாம் அதற்குள் போயின. இவ்வளவு ஒடுக்கமான வண்டியில் இரண்டு பேர் தோளிடிக்காமல் போக முடிவது, கண்ணாடி வைக்காமல் விட்டதால் கிடைத்த இடத்தால்தான். ஒன்றை விட்டுவிட்டதால் இன்னொன்று நன்றாக வருவது இந்த வண்டி முழுக்கத் தெரியும்.

அப்புறம், டிக்கி மூடிக்கு ஓட்டை வெட்டாததால் பின்பக்கத் தகடு முழுசாக நின்றது. பாடிக்கு அது பலம். சேசிஸ் தனி, பாடி தனி என்றில்லாமல் இரண்டும் ஒன்றாக வார்த்த மாதிரி பெரிய எண்ணிக்கையில் தயாரான முதல் ஸ்போர்ட்ஸ் கார் இது.

எந்தெந்த வண்டியிலிருந்து பாகம் எடுத்தார்கள்?

எஞ்சினும் கியர் பாக்ஸும் முன் சஸ்பென்ஷனும் ஆஸ்டின் ஏ35 குடும்பக் காரிலிருந்து. ஸ்டியரிங் மோரிஸ் மைனரிலிருந்து. இந்த 'ஏ சீரிஸ்' எஞ்சின் வகை 1951-ல் ஆஸ்டின் ஏ30-ல் 803 சிசியாகத் தொடங்கி, பழைய மினி 2000-ல் நிற்கும் வரை ஓடியது. மைனர் 1000 காரிலும் இதே 948 சிசிதான்.

இலங்கை வாசகர்களுக்கு மைனரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அங்கே இன்றும் ஓடுகிறது. மைனருக்கான பாகங்களை 1990-களில் அங்கேயே செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியும் செய்தார்கள். மைனர் எஞ்சினில் கை வைத்துப் பழகிய மெக்கானிக் ஸ்பிரைட்டின் பானெட்டைத் திறந்தால் கூடுதலாக ஒரு கார்புரேட்டரைப் பார்ப்பார், மற்றபடி சொந்த வீடு மாதிரிதான்.

பானெட் என்றேன், அதையும் சொல்லிவிட வேண்டும். மட்கார்டு, லைட்டு, கிரில் எல்லாம் ஒரே தகடாக, முன்கண்ணாடிப் பக்கம் கீல் வைத்து, முதலை வாய் போல மொத்தமாக மேலே தூக்கும். கனம் அதிகம். தூக்கியபின் எஞ்சினைச் சுற்றி எந்தப் பக்கமிருந்தும் வேலை செய்யலாம். தாங்குகோலைச் சரியாக மாட்டாமல் தலையை உள்ளே விடாதீர்கள்.

பின்பக்க ஸ்பிரிங் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

சாதாரணமாகப் பட்டை ஸ்பிரிங் என்றால் லாரியில் பார்க்கிற மாதிரி இரண்டு முனையும் சேசிஸில் மாட்டி, நடுவில் ஆக்சில் இருக்கும். ஸ்பிரைட்டில் அதைப் பாதியாக வெட்டிய மாதிரி. 15 பட்டைகள் கொண்ட கட்டு. அதன் தடித்த முனை சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் இறுக்கப்பட்டிருக்கும், மெல்லிய முனை பின்னோக்கி நீண்டு ஆக்சிலைப் பிடிக்கும். இதனால் சுமை முழுக்க வண்டியின் நடுப்பகுதிக்கே வந்துவிடுகிறது. வால் பகுதி எதையும் தாங்க வேண்டாம், மெல்லிய தகடு போதும். பில்பியின் நல்ல யோசனை இது.

ஒரு குணம் மட்டும் பழக வேண்டும். வளைவில் வண்டி சாயும்போது பின் ஆக்சில் சற்றே திரும்பிக்கொள்ளும். பின்பக்கம் தானே ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி இருக்கும். பயந்து ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காமல் மெதுவாகப் பிடித்திருந்தால் போதும். 1964-ல் மூன்றாம் மாடலில் வழக்கமான முழு ஸ்பிரிங்குக்கு மாறினார்கள்.

43 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ரேஸில் என்ன செய்தது?

நிறைய. ரேஸில் எஞ்சின் அளவை வைத்து வகுப்புப் பிரிப்பார்கள். ஆயிரம் சிசிக்குள் ஓடுகிறவர்களுக்குள் ஸ்பிரைட் சிங்கம்.

அறிமுகமான அதே கோடையில் ஆல்பைன் ராலியில் தன் வகுப்பின் முதல் மூன்று இடங்களைப் பிடித்தது. 1959 மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்திலும் அப்படியே, வகுப்பில் ஒன்று, இரண்டு, மூன்று. அதே ஆண்டு யூட்டா மாநிலத்தின் உப்புப் பாலைவனத்தில், சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) வைத்த ஸ்பிரைட் எஞ்சினை ஒரு நீள்வடிவ வண்டிக்குள் பொருத்தி, 12 மணி நேரம் மணிக்கு 220 கி.மீ.க்கு மேல் சராசரி பிடித்தார்கள். அந்த வண்டியின் கூடு எம்.ஜி. முன்பு சாதனை ஓட்டத்துக்குச் செய்து வைத்திருந்தது. பெயரை மட்டும் மாற்றினார்கள். சாதனை வண்டிக்கும் இருந்ததையே எடுத்துப் பயன்படுத்திய அந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1960-ல் லெ மான் 24 மணி நேரத்தையும் ஒரு ஸ்பிரைட் ஓடி முடித்தது.

ஆனால் என் கணக்கில் பெரிய சாதனை 1960-ன் லீஜ்-ரோம்-லீஜ் ராலிதான். கிட்டத்தட்ட நான்கு இரவு பகல் நிற்காத ஓட்டம், மலைப்பாதைகள், கல் சாலைகள். பெரும்பாலான வண்டிகள் பாதியில் நின்றுவிடும். அதில் ஜான் ஸ்பிரின்செலும் ஜான் பேட்டனும் ஸ்பிரைட்டில் மொத்தத்தில் மூன்றாவதாக வந்தார்கள். வகுப்பில் அல்ல, எல்லா வண்டிகளுக்கும் சேர்த்து மூன்றாவது. அந்த ராலியை வென்றவர்கள் பாட் மாஸ், ஆன் விஸ்டம் என்ற இரு பெண்கள், பெரிய ஆஸ்டின்-ஹீலி 3000-ல். அதே ஆண்டு பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியில் ஸ்பிரின்செல் இரண்டாம் இடம்.

ஸ்டர்லிங் மாஸ், ஸ்டீவ் மெக்குவீன் எல்லாம் ஓட்டினார்கள் என்பது நிஜமா?

நிஜம். செப்ரிங்கில் 12 மணி நேரப் பந்தயத்துக்கு முந்தைய நாள் சின்னக் கார்களுக்கென்று தனிப் போட்டி நடக்கும். 1962-ல் அது 3 மணி நேரம். பந்தய வீரர்கள் ஸ்டர்லிங் மாஸ், பெட்ரோ ரோட்ரிகஸ், இன்னஸ் அயர்லாந்து, ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் நால்வரும் ஸ்பிரைட்டில் இறங்கினார்கள். ஃபியட்-அபார்த் காரில் புரூஸ் மெக்லாரன் வென்றார். மாஸ் மூன்றாவது, மெக்குவீன் ஒன்பதாவது. அடுத்த மாதமே, ஏப்ரல் 23 அன்று, குட்வுட்டில் நடந்த விபத்து மாஸின் உச்ச காலத்தை முடித்துவைத்தது.

'செப்ரிங் ஸ்பிரைட்' என்பது தனி மாடலா?

ஷோரூமில் கிடைத்த மாடல் அல்ல. முன்சக்கர டிஸ்க் பிரேக், கம்பிச் சக்கரம், எடை குறைத்த பாடி என்று போட்டிக்காகத் தயாரித்த வடிவம். ஸ்பிரின்செலின் பட்டறையில் செய்தவைதான் அதிகம் மதிக்கப்படுகின்றன. இன்று யாராவது 'அசல் செப்ரிங்' என்று விற்றால் பழைய போட்டிப் பதிவுகளோடு ஒப்பிடாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

அவ்வளவு பிடித்த முகத்தை ஏன் மாற்றினார்கள்?

1961 மே மாதம் இரண்டாம் மாடல் வந்தது. லைட்டு மட்கார்டுக்குப் போனது, டிக்கிக்கு மூடி வந்தது. கூடவே எம்.ஜி. மிட்ஜெட் என்ற பெயரில் இரட்டைப் பிறவி ஒன்றும் வந்தது. வசதி கேட்டவர்களுக்கு நல்ல வண்டிதான். ஹீலியோடு இருந்த ஒப்பந்தம் 1970-ல் முடிந்தது, மிட்ஜெட் 1979 வரை போனது.

வாங்கப் போகிறேன். எங்கே பார்க்க வேண்டும்?

எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். அதைச் சரிசெய்ய எப்போதும் வழி உண்டு. முதலில் துரு.

சீட்டுக்குப் பின்னால் தரையில், அந்தப் பாதி ஸ்பிரிங் நுழைகிற பெட்டி இருக்கிறதே, அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டுப்போட்ட தகடு மேல் தகடாக இருக்கிறதா, கறுப்புப் பூச்சு தடிமனாக அப்பியிருக்கிறதா? வண்டி ஒரு பக்கம் குந்தி நிற்கிறதா? அப்படியானால் ஸ்பிரிங் தரையைக் குடைந்துகொண்டு மேலே வருகிறது என்று அர்த்தம்.

அடுத்தது கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் பெட்டித் தகடு. மேல்மூடி இல்லாத இந்த வண்டியின் முதுகெலும்பு அதுதான். ஒரு சுலபமான சோதனை: கதவை மூடி, அதற்கும் பின்தகட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டு பேரை உட்காரவைத்து மறுபடி பாருங்கள். மேலே இடைவெளி குறுகி, கதவு திறக்க முரண்டு பிடித்தால் நடுவில் வண்டி தொய்கிறது. பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து மயங்கி இதை விட்டவர்கள், வாங்கிய விலைக்குச் சமமாக வெல்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அசல் தவளைக்கண் என்று எப்படி உறுதி செய்வது?

சேசிஸ் எண் ஏ.என்.5 என்று தொடங்க வேண்டும். இடப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் அதோடு எல் எழுத்து சேரும். பிற்கால ஸ்பிரைட்டிலோ மிட்ஜெட்டிலோ ஃபைபர் முன்முகத்தை மாட்டியும் விற்கிறார்கள். டிக்கிக்குத் தனி மூடி இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

பராமரிப்பு கஷ்டமா?

கஷ்டம் இல்லை, ஆனால் மறக்கக்கூடாது. முன்சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்களுக்கு 1000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். இதை விட்டால் தேய்ந்து ஸ்டியரிங் தன் கூர்மையை இழந்துவிடும். அதற்கப்புறம் இந்த வண்டியை வைத்திருப்பதில் பாதி இன்பம் போய்விடும். எஸ்.யூ. கார்புரேட்டரின் தலையில் உள்ள மூடியைத் திருகி, உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் விக்கும். பாகங்கள் இங்கிலாந்தில் தாராளமாகக் கிடைக்கின்றன.

இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சின் இது. பிரிட்டனில் அந்தப் பெட்ரோலின் பொது விற்பனை 1999 முடிவோடு நின்றது. எஞ்சினைப் பிரிக்கும்போது கடினமான வால்வு சீட் (வால்வு வந்து உட்காரும் வளையம்) போட்டுக்கொண்டால் கவலையில்லை. எத்தனால் கலப்பு அதிகமான பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும். பிரிட்டனில் 5 சதவீதக் கலப்பு கிடைக்கிறது, அதையே போடுங்கள். எப்படியும் குழாய்களைப் புதியவையாக மாற்றிவிடுவது நல்லது.

பிற்கால ஸ்பிரைட்டின் 1275 சிசி எஞ்சினை மாற்றிப் போடலாமா?

பலர் மாற்றுகிறார்கள், பொருந்தும். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடுவதை நானும் ஆதரிப்பேன், நான்கு டிரம் பிரேக்கும் இன்றைய போக்குவரத்துக்குப் போதாது. ஆனால் நல்ல நிலையில் உள்ள 948-ஐக் கழற்றி மூலையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. அந்தக் குறைந்த சக்தியைச் சிந்தாமல், வேகத்தை இழக்காமல் வளைவுக்கு வளைவு கொண்டுபோவதில்தான் இந்த வண்டியின் ருசி இருக்கிறது. தோல் சீட்டு, தேக்கு டாஷ்போர்டு என்று அலங்கரிப்பதும் அப்படித்தான். இது எளிய வண்டியாகப் பிறந்தது, எளிமையாகவே இருக்கட்டும்.

தமிழ்நாட்டோடு ஏதாவது தொடர்பு?

நேரடியாக இல்லை, உறவுமுறையில் உண்டு. ஸ்பிரைட்டுக்குப் போட்டியாக 1962-ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், டிரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கிச் செய்தது. அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்று தயாரித்தது. ஸ்பிரைட்டின் டைனமோ, செல்ஃப் மோட்டார் எல்லாம் லூக்காஸ்; அதே லூக்காஸ் டி.வி.எஸ்.ஸோடு சேர்ந்து 1961-ல் சென்னை பாடியில் தொடங்கியதுதான் லூக்காஸ்-டி.வி.எஸ்.

நண்பர் தன் ஸ்பிரைட்டை ஓட்டத் தருகிறார். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்காது. சாவி கரன்ட்டுக்கு மட்டும். சோக்கை இழுத்துக்கொண்டு, எஸ் என்று எழுதிய குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும்; எஞ்சின் பிடித்ததும் விட்டுவிடுங்கள். முதல் கியருக்கு சின்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமன்செய்து கியரை உரசாமல் விழவைக்கும் ஏற்பாடு) கிடையாது, வண்டி முழுதாக நின்ற பிறகுதான் போட வேண்டும். ஓட்டத்தில் போட்டால் பல் உரசுகிற சத்தம் நண்பரின் முகத்தில் தெரியும். லைட்டை டிம் செய்கிற பொத்தான் இடது காலருகே தரையில் இருக்கிறது. இண்டிகேட்டருக்கு டாஷ்போர்டில் ஒரு சின்ன சுவிட்ச், திரும்பி முடித்ததும் நீங்களே அணைக்க வேண்டும். பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே மிதியுங்கள். மழை வரும்போல இருந்தால் கிளம்புவதற்கு முன்பே தடுப்புத்திரைகளை மாட்டிவிடுங்கள், நடுவழியில் நிறுத்தி மாட்டி முடிப்பதற்குள் இரண்டு சீட்டும் நனைந்துவிடும்.